தட்டணு எண்ணிக்கை கூடுதலாக உள்ளவருக்கு மருந்து, குறைவாக உள்ளவருக்குக் கண்காணிப்பு மட்டும்: ஏன்?

பொருநைக்கரை:
வணக்கம். என் தந்தைக்கு வயது 67. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின் எடுத்துக்கொள்கிறார். வழக்கமான ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணு (பிளேட்லெட்) 38,000 என்று வந்தது. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தட்டணுக்களை அழிக்கும் ஐ.டி.பி. என்று கூறி, அந்த எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டை உடனே தொடங்கச் சொல்கிறார் மருத்துவர். எங்கள் தெருவில் இதே நோயுள்ள 28 வயதுப் பெண்ணுக்கு 34,000தான். ஆனால் அவருக்கு மாத்திரை எதுவும் தரவில்லை. இது எனக்கு விளங்கவில்லை.

ரத்தவியல் மாணவன்:
இரண்டு முடிவுகளுக்கும் நியாயம் இருக்கிறது. அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், ரத்தக்கசிவு இல்லாத அல்லது லேசாக மட்டும் உள்ள பெரியவர்களுக்கு 30,000-க்குக் குறையாமல் இருந்தால் ஸ்டீராய்டு இன்றிக் கண்காணிக்கலாம் என்கிறது. ஆனால் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், ஆஸ்பிரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும் அதற்கு மேலும் சிகிச்சை தேவைப்படலாம் என்று அதிலேயே விலக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் தந்தைக்கு இரண்டும் பொருந்துகின்றன. ஆஸ்பிரின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை, இருக்கும் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் செய்கிறது. அதற்காக அதை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இதய மருத்துவரும் ரத்தவியல் மருத்துவரும் கலந்து பேசி முடிவு செய்யட்டும். ஸ்டீராய்டும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரக்கூடும் என்பதால், வயிற்றுப் பாதுகாப்பு மாத்திரை பற்றியும் கேளுங்கள்.

எண்ணிக்கையைவிட நான் முதலில் பார்ப்பது வாயைத்தான். காலில் மட்டும் ஊசிமுனைச் செம்புள்ளிகள் இருந்தால் அவ்வளவு பதற வேண்டியதில்லை. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ கருஞ்சிவப்பு ரத்தக் கொப்புளம் தெரிந்தால், ஈறு கசிந்தால், மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தால், எண்ணிக்கை எதுவாயினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முன்பு பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டதுண்டா, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா, சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி உள்ளன என்பவையும் கணக்கில் வரும். மூளையில் ரத்தக்கசிவு பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கே நேர்கிறது. ஆயினும் வயதோடு அந்த அபாயம் கூடுகிறது.

ஆய்வகத்துக்காரர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். ஊதாமூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சிலரது தட்டணுக்களைக் கொத்துக் கொத்தாகத் திரளச் செய்யும்; இயந்திரம் அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். திரள் தெரிந்தால் நீலமூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, கிடைக்கும் எண்ணை 1.1-ஆல் பெருக்குவோம்.

பொருநைக்கரை:
பூச்சு பார்த்துவிட்டார்கள், திரள் இல்லை. வாயிலும் ஒன்றும் இல்லை. உறவினர்கள் பப்பாளி இலைச்சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். கடைவாய்ப்பல் ஒன்றையும் பிடுங்க வேண்டியிருக்கிறது.

ரத்தவியல் மாணவன்:
டெங்குவில் காய்ச்சல் தணிந்தபின் தட்டணு தானாகவே ஏறும். அந்தப் புகழ் இலைச்சாற்றுக்குப் போய்விடுகிறது. இங்கே தட்டணுக்களை அழிப்பது உடலின் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) என்பதால், சாற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். பல் மருத்துவரிடம் ஐ.டி.பி.யையும் ஆஸ்பிரினையும் முன்கூட்டியே சொல்லுங்கள். ரத்தவியல் மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே பிடுங்க வேண்டும். அதுவரை பல்வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டும் கூடாது, இடுப்பில் போடும் வலி ஊசியும் கூடாது.