கிரீஸ் பயணம்: வாடகைக் காரைக் கப்பலில் ஏற்றலாமா? பயண வரிசையைத் திருத்த உதவி தேவை

கேள்வி

வணக்கம். ஆகஸ்ட் 20 அன்று ஏதென்ஸில் இறங்கி, 31 அன்று இரவு விமானத்தில் சென்னைக்குத் திரும்புகிறோம். நான், என் மனைவி, பத்து வயது மகள், முழங்கால் வலியால் படியேறச் சிரமப்படும் 69 வயது அப்பா என நால்வர் போகிறோம். விமான நிலையத்திலேயே காரை எடுத்து, நிலப்பகுதியிலுள்ள நாஃப்பிலியோ, டெல்பி, மெட்டியோரா ஆகிய இடங்களைப் பார்த்துவிட்டு, அதே காரை ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றி நாக்ஸோஸ், சாண்டோரினி தீவுகளுக்குப் போய், 31 அன்று காலை சாண்டோரினியிலிருந்து கிளம்பி அன்றே விமானம் பிடிப்பதாகத் திட்டம்.

காரை முன்பதிவு செய்த பிறகு ஒப்பந்தத்தை நிதானமாக வாசித்தபோதுதான், எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் வண்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற விதி கண்ணில் பட்டது. கப்பல் டிக்கெட் எடுக்கப் போனால் வண்டியின் பதிவெண்ணைக் கேட்கிறார்கள். இன்னும் கையில் வராத வாடகைக் காருக்குப் பதிவெண்ணை எங்கிருந்து சொல்வது? அப்பாவைப் பெட்டிகளோடு துறைமுகம் துறைமுகமாக நடக்க வைக்க மனம் வராமல்தான் காரோடு போக நினைத்தேன். இந்தத் திட்டத்தை எப்படிச் சரிசெய்வது?

பதில் 1 (ஏதென்ஸில் ஆறு ஆண்டுகள் வசித்தவர்)

வணக்கம். பதிவெண் பெரிய சிக்கல் இல்லை. கார் கைக்கு வந்ததும் கப்பல் நிறுவனத்திடமோ துறைமுகத்திலுள்ள முகவரிடமோ சொல்லித் திருத்திக்கொள்ளலாம். உண்மையான சிக்கல் காப்பீட்டில் இருக்கிறது. நிறுவனம் அனுமதி கொடுத்தாலும், வண்டி கப்பலின் அடித்தளத்தில் நிற்கும்போது ஏற்படும் சேதத்தை வழக்கமான காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. அங்கே வண்டிகளை ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி நிறுத்துவார்கள். பல கப்பல்களில் பின்னோக்கி ஓட்டித்தான் உள்ளே போக வேண்டும். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவருக்கு, வலப்பக்க ஓட்டம் கைவந்த முதல் வாரத்திலேயே இது வேண்டாத சோதனை.

அதைவிட எனக்குக் கவலையாக இருப்பது உங்கள் பயண வரிசைதான். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இந்தத் தீவுகள் இருக்கும் ஏஜியன் கடலில் மெல்டெமி என்ற வடக்குக் காற்று நாள்கணக்கில் வீசும். அது, காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8-ஐத் தொட்டால் பெரிய கப்பல்களையே பொதுவாகத் துறைமுக அதிகாரிகள் புறப்பட விடமாட்டார்கள். விரைவுப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். காற்று குறுக்கே வராவிட்டாலும், சாண்டோரினியிலிருந்து பிரேயஸுக்கு வழக்கமான கப்பலில் ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். விமானம் ஏறும் நாளைக் கடலிடம் ஒப்படைக்காதீர்கள். தீவுகளை முதலில் முடித்துவிட்டு, நிலப்பகுதியைக் கடைசியில் வையுங்கள். அப்போது கப்பல் ஒருநாள் தாமதமானால் டெல்பியில் ஓர் இரவு குறையும், அவ்வளவே, விமானம் தவறாது.

தீவுகளுக்குக் காரில்லாமல் போங்கள். நாக்ஸோஸில் இறங்கியபின் இரண்டு நாளுக்கு அங்கேயே ஒரு சிறிய கார் எடுக்கலாம். ஏதென்ஸ் திரும்பியதும் நிலப்பகுதிக்கான காரை எடுத்தால், ஓடாத நாளுக்கு வாடகை கட்ட வேண்டியதில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி. வரிசையை மாற்றுகிறேன். மனைவியும் மாறி மாறி ஓட்டுவார். தமிழ்நாட்டு உரிமம் மட்டும் போதுமா? எங்கள் இருவருக்கும் ஆட்டோமேட்டிக் வண்டிதான் பழக்கம்.

பதில் 2

உரிமம் மட்டும் போதாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ மூலம் விண்ணப்பித்து, இருவரும் தனித்தனியாகப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெறுங்கள். அது ஓராண்டுக்குச் செல்லும். மூல உரிமத்தையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். மனைவியின் பெயரை இரண்டாவது ஓட்டுநராக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது.

கிரீஸில் சாதாரண வாடகை வண்டிகளில் கியர் வண்டியே அதிகம் என்பதால், ஆகஸ்டுக்கு ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் இப்போதே பதிவு செய்யுங்கள். வைப்புத்தொகைக்கு முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். என் தம்பியின் பெயரில் முன்பதிவு செய்து, என் கார்டை நீட்டியபோது ஒரு நிறுவனத்தில் மறுத்துவிட்டார்கள். குழந்தைகளோடு மூன்று மணி நேரம் விமான நிலையத்தில் வேறு கார் தேடி அலைந்தோம். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை அடிப்படைக் காப்பீட்டில் சேர்கின்றனவா என்றும் கேளுங்கள். மண்பாதைக் கடற்கரைகளில் அடிபடுவது அவைதான்.

பதில் 3

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காரோடு போனால் அவருக்கு நடை மிச்சமாகும் என்று நினைப்பது இயல்பே, ஆனால் பெரும்பாலான கப்பல்களில் ஓட்டுநர் மட்டுமே வண்டியை உள்ளே கொண்டுபோக வேண்டும். மற்றவர்கள் முன்பே இறங்கிச் சரிவுப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். நாங்கள் பிரேயஸிலிருந்து கிரீட் தீவிலுள்ள இராக்லியோவுக்கு இரவுக் கப்பலில் காரோடு போனபோது, நான் வண்டியை நிறுத்தி மேலே வருவதற்குள் என் அம்மா தனியாகத் தவித்துப்போனார். கிரீட் 260 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு, பத்து நாள் தங்கினோம், ஆகவே அங்கே கார் கொண்டுபோனதில் நியாயம் இருந்தது. உங்கள் பயணத்துக்கு அது பொருந்தாது.

நடந்து ஏறினால் நீங்கள் கடைசிவரை அப்பாவின் கூடவே இருக்கலாம். பெட்டிகளைக் கீழ்த்தளத்திலேயே, இறங்கும் தீவின் பெயர் எழுதிய அடுக்குகளில் வைத்துவிடலாம். பெரிய கப்பல்களில் நகரும் படிக்கட்டோ மின்தூக்கியோ இருக்கும். அவருக்கு உதவி தேவை என்பதைப் புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே கப்பல் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி உதவி செய்வது அவர்கள் பொறுப்பு. பிரேயஸ் மிகப் பரந்த துறைமுகம், வாயில்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளன. ஆகவே எந்த வாயில் என்று உறுதிசெய்துகொண்டு டாக்சியில் நேராக அங்கேயே போய் இறங்குங்கள்.

கேட்டவர்

காரோடு போனாலும் அப்பா நானில்லாமல் நடந்துதான் ஏற வேண்டும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. பழைய முன்பதிவை ரத்து செய்துவிட்டேன். புதிய வரிசை: 21 அன்று பிரேயஸிலிருந்து நாக்ஸோஸ், மூன்று இரவு, சாண்டோரினியில் இரண்டு இரவு, 26 அன்று ஏதென்ஸ் திரும்பி, மறுநாள் கார் எடுத்து மெட்டியோரா, டெல்பி, நாஃப்பிலியோ. சாண்டோரினித் துறைமுகத்திலிருந்து விடுதிக்கு எப்படிப் போவது?

பதில் 1

இப்போது சரியாக இருக்கிறது. கடைசி இரவை நாஃப்பிலியோவில் வைத்தது நல்லது. அங்கிருந்து விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். சாண்டோரினியில் கப்பல் நிற்கும் அதினியோஸ் துறைமுகம் செங்குத்தான பாறைக்கு அடியில் இருக்கிறது. மேலே போகும் சாலை முழுவதும் கொண்டை ஊசி வளைவுகள். கப்பல் வந்ததும் பேருந்துக்கு நெரிசல் அதிகமாகும் என்பதால், விடுதியிலேயே சொல்லி வண்டி அனுப்பச் சொல்லுங்கள். 26-ஆம் தேதிக்கான டிக்கெட்டை மட்டும் தள்ளிப்போடாமல் உடனே எடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் விடுமுறை முடிந்து ஏதென்ஸ்காரர்கள் எல்லோரும் ஊர் திரும்பும் நேரம் அது.