ஒய்6 மாதிரி மாலிக்யூல் டிசைன் - கேப் குறைஞ்சா எஃபிஷியன்சி ஏறும்னு எழுதலாமா?

ஓமலூர் பையன்:
வணக்கம், சேலத்துல எம்எஸ்சி கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருசம். ஆர்கானிக் சோலார் செல்தான் (சிலிக்கானுக்கு பதிலா கார்பன் மாலிக்யூல்ல செய்றது) ப்ராஜெக்ட், ஒய்6ங்கற அக்செப்டரோட (எலக்ட்ரான வாங்கிக்கற மாலிக்யூல்) ஓரத்து குரூப்ப மாத்தி மாத்தி டிஎஃப்டி (கம்ப்யூட்டர்ல எலக்ட்ரான் கணக்கு போடற முறை) ஓட்டிட்டு இருக்கேன், லேப்ல செஞ்சு பாக்க வசதியில்ல. ஃப்ளோரின எடுத்துட்டு சயனோ போட்டா ஹோமோ லூமோ கேப் (எலக்ட்ரான் நெறஞ்ச கடைசி மட்டம் ஹோமோ, அதுக்கு மேல மொத காலி மட்டம் லூமோ, ரெண்டுக்கும் நடுவுல உள்ள எனர்ஜி வித்தியாசம்) நல்லா இறங்குது. கேப் கம்மின்னா வெளிச்சம் ஜாஸ்தி இழுக்கும், அப்ப எஃபிஷியன்சி ஏறும்னு எழுதிரலாமா இல்ல வைவால மாட்டிக்குவேனா?

செவ்வாப்பேட்டை அக்கா:
மாட்டிக்குவ தம்பி. சயனோ போட்டா லூமோதான் கீழ வருது, வோல்டேஜ் வர்றதே டோனரோட (எலக்ட்ரான குடுக்கற மாலிக்யூல்) ஹோமோவுக்கும் அக்செப்டரோட லூமோவுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துலதான், அதையும் சேத்து சுருக்கிடற. 2019ல வந்தப்பவே ஒய்6 பிஎம்6ங்கற டோனர் கூட சேந்து 15.7% எஃபிஷியன்சி குடுத்துச்சு, அலைநீளம் 900 நானோமீட்டர் தாண்டியும் வெளிச்சம் வாங்குது, அதுக்கு மேல கேப்ப இறக்கி என்னத்த பிடிக்கப் போற? சரி, சைடு செயின (மாலிக்யூல் பக்கவாட்டுல தொங்கற நீள கார்பன் சங்கிலி) வெட்டிட்டு சின்னதா மீத்தைல் போட்டு ஓட்டறியா? எல்லாரும் அதான் செய்றாங்க, ஆனா ஃபிலிம்ல மாலிக்யூல் எப்படி அடுக்குதுங்கறத முடிவு பண்றதே அந்த செயின்தான். 2021ல எல்8-பிஓங்கற ஒய்6 மாதிரி அக்செப்டர் 18% தாண்டுனது ஓரத்து குரூப்ப மாத்தி இல்ல, நேர் செயின் இருந்த எடத்துல கிளை செயின் போட்டதால.

அஞ்சுரோடு:
அக்கா சொன்னது எஃபிஷியன்சிக்கு. எனக்கு ஸ்டெபிலிட்டிதான் முக்கியம், அத யாரும் ப்ராஜெக்ட்ல தொடறதே இல்ல. நடு கோரையும் ஓரத்து குரூப்பையும் இணைக்கற ரெட்டை பாண்டு இருக்குல்ல, அதான் வீக்கான எடம், செல்லுல எலக்ட்ரான கடத்தற ஜிங்க் ஆக்சைடு லேயர் மேல யூவி பட்டா மொதல்ல அங்கதான் உடையுது. அதனாலதான் சிலர் டின் ஆக்சைடுக்கு போறாங்க, சிலர் அந்த பாண்டையே வளையத்துக்குள்ள பூட்டி முழுசா ஃபியூஸ் பண்ணிடறாங்க. அந்த மாதிரி ஒண்ண வரைஞ்சு கேப், பாண்டு ஆர்டர் (பாண்டு எவ்ளோ ஸ்ட்ராங்குனு காட்டற எண்) ரெண்டையும் ஒய்6 கூட ஒப்பிட்டுப் போடு, கைடே சந்தோசப்படுவார்.

ஏற்காடு எஸ்டேட்:
நமக்கு கெமிஸ்ட்ரி தெரியாதுங்க. பனிமூட்டத்துல சிலிக்கான் பேனல் சரியா ஓடல, இது ஓடுமா? சேலத்து வெயில் தாங்குமா?

அஞ்சுரோடு:
கடையில வாங்கி கூரையில மாட்டற அளவுக்கு இன்னும் வரலைங்க, பனியில கரண்ட் கம்மியாதான் வரும் எதுல இருந்தாலும். வெயில் கேட்டீங்கல்ல, அதுதான் பெரிய தலைவலி. சித்திரையில மொட்டமாடியில கால் வைக்க முடியல, பேனல் அதவிட சூடாகும், அந்த சூட்டுல சின்ன மாலிக்யூல் ஃபிலிமுக்குள்ளயே நகந்து நகந்து டோனர் தனியா அக்செப்டர் தனியா பிரிஞ்சிரும். அதுக்குதான் ரெண்டு ஒய்6ஐ ஒட்டி டைமர் ஆக்கறாங்க, பெருசா இருந்தா லேசுல நகராது.

ஓமலூர் பையன்:
டைமர் நல்லாருக்கு அண்ணா, ஆனா எங்க டிபார்ட்மென்ட் சிஸ்டத்துல அவ்ளோ அணுவ போட்டு ஓட்டுனா முடியறதுக்குள்ள கரண்ட் போயிரும்.

செவ்வாப்பேட்டை அக்கா:
அப்ப டைமர விடு, பூட்டுன மாலிக்யூல் ஒண்ணே போதும். அத எத்தன ஸ்டெப்ல செய்யலாம்னும் ஒரு பக்கம் எழுது, செய்யவே முடியாதத வரைஞ்சு வச்சு என்ன பிரயோஜனம்.