அவசரம்: பக்கான்ல மேல ஏற விடல, நாளைக்கு விடுவாங்களா?

அம்மாவோட_பயணம்: காலைல 4 மணிக்கே எழுந்து போனோம். எல்லாம் சுத்திட்டு மேல் தட்டுக்குப் போனா வழியை அடைச்சு வெச்சிருக்காங்க. காவலாளி கையை ஆட்டுறார், ஏன்னு கேட்டா பாஷை புரியல. டிக்கெட் இருக்கு. அம்மா இதுக்காகவே வந்தாங்க. சீக்கிரம் சொல்லுங்க.

கடலோடி: பகான்தானே? 2016 நிலநடுக்கத்துல அங்க நிறைய கோபுரம் சேதமாச்சு. ஏறுறதை மறந்துடுங்க.

அம்மாவோட_பயணம்: அது மியான்மர்ங்க. நாங்க கம்போடியா. அங்கோர் வாட் உச்சித் தட்டு, அதுக்கும் பக்கான்னுதான் பேரு.

நடைவண்டி: உடைதான் காரணம், சந்தேகமே வேண்டாம். தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். மேல ஷால் போர்த்தினா அங்க ஒத்துக்க மாட்டாங்க. எங்க அக்காவை அப்படித்தான் திருப்பி அனுப்பினாங்க.

அம்மாவோட_பயணம்: அம்மா புடவைங்க. யாரையுமே விடல.

பழைய_பயணி: "யாரையுமே விடல"ங்கிறதை முதல்லயே எழுதியிருக்கணும். எந்த நாடு, எந்த நாள், என்ன டிக்கெட், கூட யாரு, எதுவும் இல்லாம கேட்டா எப்படி? எத்தனை தடவை சொல்றது. இன்னிக்கு என்ன திதின்னாவது பாத்தீங்களா?

மல்லி: திதிதான் விஷயம். அமாவாசை, பௌர்ணமி, ரெண்டு அஷ்டமி, இந்த நாலும் அங்க பௌத்தர்களுக்குப் புனித நாள். பக்கான் மூடியிருக்கும். இன்னிக்குப் பௌர்ணமி. டிக்கெட் ஒரு நாளுக்கா, மூணு நாளுக்கா? சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?

அம்மாவோட_பயணம்: மூணு நாள், 62 டாலர். நாளைக்கு டோன்லே சாப் ஏரிக்கு வண்டி சொல்லியாச்சே! பையனுக்கு 9.

மல்லி: அப்ப பதறாதீங்க. அந்த டிக்கெட்டுக்கு 10 நாள் கெடு இருக்கு, அதுக்குள்ள எந்த மூணு நாள் வேணாலும் போகலாம். ஏரிக்குப் போயிட்டு மறுநாள் கோயிலுக்குப் போங்க. 12 வயசுக்குள்ள மேல விடுறதில்ல, அதனால ஒருத்தர் பையனோட கீழ இருக்கணும். படி ரொம்பச் செங்குத்து. ஏறுறதைவிட இறங்குறதுதான் பயம், அம்மா கைப்பிடியை விடவே கூடாது.

சோழநாடன்: தமிழ் மன்னன் கட்டின கோயில்ல தமிழச்சிக்கே தடையா? மனசு வலிக்குது.

கல்வெட்டுப்பித்து: கட்டினது கெமர் மன்னர் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டு. நீங்க நினைக்கிற ராஜேந்திர சோழன் ஆட்சி 1044லயே முடிஞ்சிருச்சு. காம்போஜ (கம்போடியா) அரசன் அவருக்குத் தேர் அனுப்பினதைக் கரந்தைச் செப்பேடு சொல்லுது, அந்த நட்பு நமக்குப் பெருமைதான். கோயில் அவங்களோடது.

சோழநாடன்: "வர்மன்" பல்லவர் பேராச்சே?

கல்வெட்டுப்பித்து: பேரை வெச்சு யார் கட்டினாங்கன்னு முடிவு பண்ண முடியாதுங்க. அங்க இருக்கிற கல்வெட்டுகள் சமஸ்கிருதத்துலயும் பழைய கெமர்லயும்தான் இருக்கு.

பழைய_பயணி: இதுக்குத் தனி இழை தொடங்குங்க. கேட்டவங்க இன்னும் அந்த ஊர்லயே நிக்கிறாங்க.

அம்மாவோட_பயணம்: அம்மா ஏறிட்டாங்க. நான் பையனோட கீழ இருந்தேன். நன்றி மல்லி.

நடைவண்டி: எத்தனை மணிக்குப் போனீங்க, வரிசை நீளமா இருந்துச்சா? அடுத்த மாசம் நாங்களும் போறோம்.