லூக் வந்த வெள்ளிக்கிழமை: நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?

சென்னையிலிருந்து

ஸ்டார் வார்ஸ் உலகத்தில் நடக்கும் ‘தி மாண்டலோரியன்’ தொடரின் இரண்டாம் சீசனில் கடைசி எபிசோட் 2020 டிசம்பர் 18 அன்று வந்தது. அதைப் பற்றி விமர்சனங்கள் ஏராளமாக வந்துவிட்டன, இங்கே அது வேண்டாம். பார்த்தபோது உங்களுக்கு என்ன ஆனது, பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள், அதை மட்டும் எழுதுங்கள். இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளவும். கீழே எல்லாமே கதையை உடைக்கும் விஷயங்கள்தான்.

முதலில் நானே சொல்கிறேன். அமெரிக்க மேற்குக் கரையில் நள்ளிரவில் வெளியாகும் எபிசோட் நமக்கு வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்கு வரும். கொரோனா காலம், நானும் தம்பியும் வீட்டிலிருந்தே வேலை. சாப்பாட்டு நேரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டோம்.

நாயகன் டின் ஜாரின் தன் பிள்ளையாக வளர்க்கும் குழந்தை குரோகுவை மீட்க, அவனும் தோழர்களும் வில்லன் மோஃப் கிடியனின் கப்பலுக்குள் நுழைகிறார்கள். ஒரே ஒரு டார்க் ட்ரூப்பரைச் சமாளிப்பதற்குள் டின் ஜாரினுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. சுவரோடு சேர்த்து அவன் ஹெல்மெட்டை அது குத்திய குத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மிச்சமுள்ளவற்றை அவன் விண்வெளியில் தள்ளிவிடுகிறான். அவை ரோபோக்கள், மூச்சு விடத் தேவையில்லை, பறந்து திரும்பி வந்துவிடுகின்றன. எல்லோரும் கட்டுப்பாட்டு அறைக்குள் மாட்டிக்கொள்ள, வெளியே அவை கதவை இடிக்கின்றன. ஒரு படையே நிற்கிறது.

அப்போது ஒரே ஓர் எக்ஸ்-விங் போர்விமானம் வந்து இறங்குகிறது. இது ஒன்று வந்து என்ன ஆகப்போகிறது என்று டின்னின் கூட வந்த காரா டூனே சலித்துக்கொள்கிறாள். ஆனால் கதவை இடிக்கும் சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது. நாங்கள் சாப்பிடுவதை நிறுத்தியது அங்கேதான்.

இந்தக் காட்சியை எடுத்த விதத்தை நான் இன்னும் கொண்டாடுகிறேன். வந்தவரை நேரடியாகக் காட்டவில்லை. கண்காணிப்புத் திரைகளில், கறுப்பு வெள்ளையில், தாழ்வாரத்தில் அந்த ரோபோக்களை வெட்டிக்கொண்டு வரும் முக்காடு போட்ட ஓர் உருவம். கையில் ஜெடாய் வீரர்கள் ஏந்தும் ஒளிவாளான லைட்சேபர் என்று தெரிகிறது, நிறம் தெரியவில்லை. அறையில் இருப்பவர்களுக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும். அப்புறம் பச்சை. அப்புறம் வலது கையில் கறுப்புக் கையுறை. “அக்கா, கையைப் பாரு!” என்று தம்பி கத்தினான். 1983இல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடாய்’ பார்த்தவர்களுக்கு அந்தக் கையுறை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை, பழைய ஸ்டார் வார்ஸ் படங்களின் நாயகன் லூக்தான். இயக்குநர் பெய்டன் ரீட் முகத்தை அவ்வளவு நேரம் மறைத்து வைத்திருந்தும் எங்களுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அதுவரை தெனாவெட்டாக உட்கார்ந்திருந்த கிடியனின் முகம் மாறுவதைப் பாருங்கள். ஜியான்கார்லோ எஸ்போசிட்டோ ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பயத்தைக் காட்டிவிடுகிறார்.

தம்பி அழுதான். நான் அழவில்லை, கத்தினேன். பக்கத்து வீட்டு மாமி ஏதோ ஆகிவிட்டது என்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது நீங்கள்.


ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியாவிலிருந்து

அக்கா, எங்களுக்கு இது நள்ளிரவு. தனியாகப் பார்த்திருக்கலாம், ஆனால் பையனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். போனை அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் காலையில் அவன் எழுந்த பிறகுதான் பார்த்தோம்.

அவனுக்கு அப்போது ஒன்பது வயது. பழைய படங்கள் எதையும் பார்த்ததில்லை. அவனுக்கு ஸ்டார் வார்ஸ் என்றால் மாண்டோவும் (டின்னைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்) குரோகுவும்தான். நான் சின்ன வயதில் கேசட்டில் பார்த்து வளர்ந்தவன். லூக்தான் என் ஹீரோ. 2017 படத்தில் அவரைத் தனித்தீவில் மனம் உடைந்த கிழவராகப் பார்த்ததிலிருந்து எனக்குள் ஒரு வருத்தம் இருந்துகொண்டே இருந்தது. அதனால் பச்சை ஒளி தெரிந்ததும் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். நான் எதற்காகக் காத்திருந்தேனோ அது கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

பையன் என்னைப் பார்த்தான். “அப்பா, இவர் நல்லவரா?” என்றான். “ரொம்ப நல்லவர்டா” என்றேன்.

கதவு திறக்கிறது, லூக் முக்காட்டை எடுக்கிறார், குரோகுவை அழைத்துப் போக வந்திருப்பதாகச் சொல்கிறார். என் பையனின் முகம் வாடிவிட்டது. “நல்லவர்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் அவனைக் கூட்டிட்டுப் போறாரு?” எனக்குப் பதில் வரவில்லை. நான் பார்த்தது ஒரு நாயகனின் வருகை. அவன் பார்த்தது ஓர் அந்நியர் வந்து ஒரு பிள்ளையை அப்பாவிடமிருந்து பிரித்துக் கொண்டுபோவதை. பிற்பாடு யோசித்தால், அந்த அறையில் அவன் பார்த்ததுதான் கதை.

டின் ஹெல்மெட்டைக் கழற்றுகிறானே, அங்கே நானும் உடைந்துவிட்டேன். உயிருள்ள யாருக்கும் முகத்தைக் காட்டக்கூடாது என்பது அவன் நெறி. முதல் சீசன் முடிவில் காயத்தோடு கிடக்கும்போது ஐஜி-11 என்ற ரோபோ மட்டும் அவன் முகத்தைப் பார்க்கிறது, ரோபோ என்பதால் விதி மீறலில்லை. இதற்கு முந்தைய எபிசோடில், கப்பல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லாமல் எதிரிகள் நடுவே கழற்றினான். இந்த முறை கட்டாயமே இல்லை. குழந்தை அந்த இரும்பைத் தொடுகிறது, அவன் கழற்றிவிடுகிறான், சுற்றிலும் எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தச் சின்னக் கை டின்னாக நடிக்கும் பெட்ரோ பாஸ்கலின் கன்னத்தைத் தொடும்போது அவர் கண்ணை மூடுகிறார். தான் வளர்ந்த நெறி முழுவதையும் அவன் அந்த ஒரு தொடுதலுக்காக விட்டுவிட்டான். என் பையன் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அந்த வயதில் அவன் அதையெல்லாம் விட்டிருந்தான்.

லூக்கின் குட்டி ரோபோ ஆர்2-டி2 வந்து குரோகுவோடு ஏதோ பேசியதும்தான் அவன் கொஞ்சம் சமாதானமானான்.


கோவையிலிருந்து

எனக்குக் கலவையான அனுபவம், அதையும் பதிவு செய்ய வேண்டும். நான் வீடியோ எடிட்டிங், விஎஃப்எக்ஸ் துறையில் இருக்கிறேன். தாழ்வாரச் சண்டை வரை நானும் உங்களைப் போலத்தான், மூச்சு விடாமல் பார்த்தேன். முக்காடு விலகியதும் கதையிலிருந்து வெளியே விழுந்தேன். வாய் அசைகிறது, கன்னத்தில் அசைவு இல்லை. கண்கள் டின்னைப் பார்க்கவில்லை.

உடல் மேக்ஸ் லாய்ட்-ஜோன்ஸ் என்ற நடிகருடையது, முகம் கணினியில் உருவாக்கிய இளம் லூக்குடையது. பழைய படங்களில் லூக்காக நடித்த மார்க் ஹாமிலும் படப்பிடிப்பில் இருந்து நடித்துக் கொடுத்திருக்கிறார். குரல் அவருடைய பழைய பதிவுகளைக் கற்றுக்கொண்ட மென்பொருள் உருவாக்கியது. இவ்வளவு உழைப்பும் தெரிகிறது, ஆனாலும் அந்தக் கணத்தில் எனக்கு ஒரு மனிதர் தெரியவில்லை. பக்கத்தில் நண்பன் கண்ணீரோடு உட்கார்ந்திருக்கும்போது எனக்கு மட்டும் அது கிடைக்கவில்லையே என்று உண்மையிலேயே ஏங்கினேன்.

சில நாட்களில் யூடியூபில் ஒருவர் டீப்ஃபேக் முறையில் அதே காட்சியைத் திருத்திப் போட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்கு லூக் கிடைத்தார். அந்தக் கலைஞரை 2021இல் ஸ்டார் வார்ஸுக்கு விஎஃப்எக்ஸ் செய்யும் ஐஎல்எம் நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஒரு ரசிகரின் எதிர்வினை அவரைத் திரைக்கு அந்தப் பக்கமே கொண்டுபோய்விட்டது. எங்கள் துறையில் எல்லோருக்கும் அது பெரிய செய்தி.


மதுரையிலிருந்து

எனக்கு லூக் யாரென்றே தெரியாது! கல்லூரித் தோழி சொல்லித்தான் இந்தத் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். யாரோ வந்தார், எல்லோரையும் வெட்டினார், சரி என்று இருந்தேன். ஹெல்மெட் கழற்றியபோதுதான் அழுதேன். பிறகு இணையத்தில் மற்றவர்கள் எக்ஸ்-விங்கைப் பார்த்ததுமே அழும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அப்படி என்னதான் இருக்கிறது என்று 1977 படத்திலிருந்து மூன்றையும் பார்த்தேன். திரும்பி வந்து இதே எபிசோடைப் போட்டால், இப்போது எனக்கு இரண்டு இடங்களில் அழுகை வந்தது.

அப்படி அழுதவர்களைச் சிலர் கேலி செய்தார்கள், அது எனக்குப் பிடிக்கவே இல்லை. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த அந்த வருடத்தில் ஒரு கதை ஒருவரைச் சந்தோஷத்தில் அழ வைத்தது என்றால் அதில் கேலிக்கு என்ன இருக்கிறது?


சிங்கப்பூரிலிருந்து

நீங்களெல்லாம் அன்றைக்கே பார்த்துவிட்டீர்கள். எங்களுக்கு டிஸ்னி பிளஸ் வந்ததே 2021 பிப்ரவரி 23 அன்றுதான். குறுக்கு வழியில் பார்க்க எனக்கு மனமில்லை. ‘லூக்’, ‘குரோகு’, ‘மாண்டோ’ எல்லாச் சொற்களையும் போனில் முடக்கி வைத்தேன். பயனில்லை. ஒரு செய்தித் தளத்தின் சிறுபடத்திலேயே பச்சை லைட்சேபரோடு அவர் நின்றுகொண்டிருந்தார். அலுவலகத்தில் ஒருவர் போகிறபோக்கில் மிச்சத்தையும் சொல்லிவிட்டார்.

ஆனால் கவனியுங்கள், ஒருவர்கூட அந்த ஹெல்மெட்டைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. எல்லோரும் லூக் வந்தார், லூக் வந்தார் என்றே சொன்னார்கள். அதனால் பிப்ரவரியில் பார்த்தபோது தாழ்வாரச் சண்டையை நிதானமாக ரசித்தேன், பிரிவுக் காட்சி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வந்து தாக்கியது. ஃப்ரீமான்ட் சகோவின் பையன் கேட்ட கேள்விதான் எனக்குள்ளும் ஓடியது. “அவன் உன்னோடு வர விரும்பவில்லை” என்று டின் சொல்ல, “அவன் கேட்பது உன் அனுமதியை” என்று லூக் சொல்கிறார். பெற்றவர்கள் அந்த வரியை எப்படித் தாங்கினீர்கள்?


மீண்டும் சென்னை

கோவை நண்பரே, உங்கள் அனுபவமும் இந்தப் பக்கத்துக்குத் தேவைதான். முகம் எனக்கும் இடித்தது, ஆனால் அதற்குள் நான் கதைக்குள் முழுசாகப் போய்விட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் அன்று அப்படிக் கத்தியதற்கு அந்த ரகசியத்தைக் காத்தவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். திரைக்கதைப் பிரதியில் லூக் பெயருக்குப் பதிலாகப் ப்ளோ கூன் என்ற வேறொரு ஜெடாயின் பெயரைப் போட்டிருந்தார்கள். யாராவது கசியவிட்டாலும் தவறான ஆள்தான் கசிந்திருப்பார். மார்க் ஹாமில் ஒரு வருடத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. எதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் காலத்தில் நம் எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் கிடைத்ததென்றால் இவர்களால்தான். சிங்கப்பூர் சகோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.


மீண்டும் ஃப்ரீமான்ட்

சிங்கப்பூர் சகோ, நான் தாங்கவில்லை, அதனால்தான் அடுத்து நடந்ததில் எனக்கு ஒரு மனத்தாங்கல். 2022 பிப்ரவரியில் ‘தி புக் ஆஃப் போபா ஃபெட்’ தொடரில் லூக் குரோகுவின் முன்னால் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு பக்கம் பழைய ஜெடாய் குரு யோடாவின் லைட்சேபர், மறுபக்கம் டின் கொடுத்தனுப்பிய இரும்புச் சட்டை. குழந்தை சட்டையை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பிவிட்டது. நாம் அவ்வளவு அழுத பிரிவை பதினாலு மாதத்தில், அதுவும் வேறொருவர் பெயரில் ஓடும் தொடரில் வைத்து முடித்துவிட்டார்கள். ஒரு சீசன் முழுக்க அந்த ஏக்கத்தோடு டின்னை நடக்க விட்டிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

பையனிடம் இதைச் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. “அவன் வீட்டுக்கு வந்துட்டான்ல, அதுல என்ன தப்பு?” என்கிறான். இதில் நீங்கள் யார் பக்கம், எழுதுங்கள்.