வாட்டர்லூவில் இருக்கும் நண்பர்களே, ஆன் இன்னிஸ் டாக் ஆவணங்களைப் பார்க்க உதவி வேண்டும்

வணக்கம். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், அதன் பக்கத்தில் வசிக்கிறவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருக்கிறீர்களா?

விலங்கியலாளர் ஆன் இன்னிஸ் டாக் பற்றி ஒரு சிற்றிதழுக்கு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1956இல், 23 வயதில், தன்னந்தனியாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஒட்டகச்சிவிங்கிகளைக் காட்டிலேயே கவனித்து ஆராய்ந்தவர். பெண் என்று தெரிந்தால் இடம் தரமாட்டார்கள் என்பதால், பண்ணை மேலாளருக்கு எழுதிய கடிதத்தில் 'ஏ. இன்னிஸ்' என்று மட்டும் கையெழுத்திட்டார். பழைய காருக்குள் வெயிலில் உட்கார்ந்து, அவை என்ன தின்கின்றன, எப்படி நடக்கின்றன என்று குறித்துக்கொண்டே இருந்தார். இத்தனை செய்தும் 1970களில் குவெல்ஃப் பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பணி தர மறுத்தது. மன்னிப்புக் கேட்டது 2019இல்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவருடைய கடிதங்களும் ஆய்வுத் தாள்களும் வாட்டர்லூ பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவில் இருக்கின்றன. அங்கே நேரில் போய், 1956-57 களக்குறிப்புகளில் சில பக்கங்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா? கைப்பேசியில் படம் எடுக்க அனுமதி உண்டா, இதழில் அச்சிட யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் விசாரித்தால் நல்லது. அப்புறம், வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்தால் அவற்றுக்கே முதலிடம் கொடுங்கள். நகலெடுக்கும் செலவு, போக்குவரத்துச் செலவு என்னுடையது. முடிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், ஆவணப் பெட்டிகளின் எண்களை நூலகப் பட்டியலில் பார்த்து முன்கூட்டியே அனுப்புகிறேன்.