1084 எஃகுக் கத்தியில் அரம் வழுக்காமல் கடிக்கிறது: குறை எங்கே?

கேட்டவர்:
வணக்கம். 4 மி.மீ. தடிமனுள்ள, 1084 என்ற கார்பன் எஃகு வகைப் பட்டையில் ஒரு சிறிய கத்தி செய்துவருகிறேன். வாய்ப்பகுதியை 1 மி.மீ. தடிமன் இருக்கும்படி தேய்த்து நிறுத்தி, எரிவாயு உலையில் காந்தம் ஒட்டாத நிலைவரை காய்ச்சி, 50 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிய தாவர எண்ணெயில் உடனே தோய்த்தேன். எஃகு நன்கு கடினமாகியிருந்தால் அரம் அதைக் கடிக்காமல் வழுக்க வேண்டும்; ஆனால் ஆறிய பிறகு அரம் போட்டால், வாய் முழுவதும் பிடித்து இழுக்கிறது. குறை எஃகிலா, எண்ணெயிலா, சூட்டிலா என்று எப்படிக் கண்டறிவது?

முதல் பதில்:
எதன்மீதும் பழி போடுவதற்கு முன் மேல்தோலை நீக்கிப் பாருங்கள். உலையில் காற்று படும்போது எஃகின் மேற்பரப்பிலுள்ள கார்பன் எரிந்துபோவதால், உள்ளே நன்கு கடினமாகிவிட்ட கத்தியிலும் மேலே மென்மையான படலம் ஒன்று தங்கிவிடும். அரம் முதலில் தொடுவது அதைத்தான். முனை, நடு, பிடியோரம் என மூன்று இடங்களில், சூடேறாதபடி அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொண்டே சிறிது தேய்த்து, மறுபடி சோதியுங்கள். மழுங்கிய அரம் எதிலும் வழுக்கும் என்பதால், அதே பட்டையின் சூடு படாத துண்டில் உங்கள் அரம் கடிக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
நன்றி. தேய்த்துப் பார்த்ததில், முனையிலும் நடுவிலும் அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்குகிறது. பிடியை ஒட்டிய இரண்டு விரற்கடை அளவில் மட்டும் இன்னும் கடிக்கிறது. அந்த இடத்திலும் காந்தம் ஒட்டவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே தோய்த்தேன்.

இரண்டாம் பதில்:
அப்படியானால் எஃகும் எண்ணெயும் சரியாகவே இருக்கின்றன. பிடியோரம் போதிய சூடு ஏறவில்லை. காந்தம் விடுவது 770 டிகிரியில் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது தூய இரும்பின் கணக்கு. 1084இல் ஏறத்தாழ 0.84 விழுக்காடு கார்பன் இருப்பதால், 730 டிகிரியைச் சற்றுக் கடந்து உள்ளமைப்பு மாறும்போதே காந்த ஈர்ப்பு போய்விடும். நமக்கு வேண்டியதோ 815 டிகிரி. காந்தம் விட்டது என்றால் மாற்றம் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள். கார்பன் முழுவதும் கரைந்து பரவ, அதற்கு மேலும் சூடும் சில நிமிட நேரமும் தேவை. மெல்லிய முனை அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். தடித்த பிடியோரம் பின்தங்கும்.

ஒரு முனை அடைத்த இரும்புக் குழாயை உலைக்குள் வைத்து, கத்தியை அதற்குள் காய்ச்சினால் நெருப்பு நேரே படாமல் சூடு சீராகப் பரவும். வெயில் வெளிச்சத்தில் நிறத்தை நம்ப வேண்டாம். மங்கலான இடத்தில், எஃகு மாறும்போது அதன்மேல் ஒரு கருநிழல் நகர்வதைக் காணலாம். அந்த நிழல் பிடியோரத்தையும் கடந்து மறைந்து, நிறம் ஒரே சீராகும்வரை பொறுங்கள். சூட்டை ஒப்பிட, அதே எஃகின் தனித் துண்டொன்றில் சிறிது உப்புத்தூளைத் தூவுங்கள். சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும். கத்தியின்மேல் தூவாதீர்கள், துருப்பிடிக்கும்.

முதல் பதில் எழுதியவர்:
இதனுடன் ஒன்று சேர்க்கிறேன். மீண்டும் தோய்ப்பதற்கு முன், கத்தியை 870, 815, 760 என இறங்குமுகமாக மூன்று முறை காய்ச்சி, ஒவ்வொரு முறையும் செந்நிறம் மறைந்து கருக்கும்வரை காற்றில் ஆறவிடுங்கள். முந்தைய தோய்ப்பின் இறுக்கம் தளர்ந்து, எஃகின் உள்ளமைப்பிலுள்ள மணிகளும் (படிகத் துகள்களும்) நுண்மையாகும். எடுத்த கத்தியை ஓரிரு நொடிக்குள் எண்ணெயில் இறக்கி, மேலும் கீழுமாக மட்டும் அசையுங்கள்; பக்கவாட்டில் அசைத்தால் வளையும். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடன், தள்ளிப்போடாமல் அடுப்புப் பெட்டியில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை வைத்துப் பதப்படுத்துங்கள். அதுவரை கீழே விழாமல் காத்துக்கொள்ளுங்கள். தோய்த்த நிலையில் அது உடைந்துபோகக்கூடும். பெட்டியின் திருகு காட்டும் எண்ணைவிட, உள்ளே தனியே வைத்த வெப்பமானி காட்டும் அளவையே நம்புங்கள்.