மகளுக்குக் குதிரை: அந்தியூர் சந்தையா, ரேஸ் குதிரையா?

கேள்வி:
மகளுக்கு 14 வயது. ரெண்டு வருடமாகக் கிளப் குதிரையில் பழகி, இப்போது 80 செ.மீ. தடை தாண்டுகிறாள். ஷோ ஜம்பிங் போட்டிக்குச் சொந்தக் குதிரை வாங்கலாம் என்றிருக்கிறோம். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகலாம் என்கிறார் மாமனார். கோச் கிண்டியில் ஓடி ஓய்ந்த ரேஸ் குதிரையைப் பார்க்கச் சொல்கிறார். எது சரி?

பதில் 1:
அந்தியூருக்கு நல்ல மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் எல்லாம் வரும். ஆனால் அங்கே பார்ப்பது சுழி, நிறம், காது நுனி ரெண்டும் உள்ளே வளைந்து தொடுகிறதா, மேளத்துக்கு ஆடுமா, இதைத்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு கட்டையைப் போட்டுத் தாண்டவைத்துப் பார்க்க இடமே கிடைக்காது. தூர ஓட்டமான எண்டியூரன்ஸுக்கு என்றால் மார்வாரியையே சொல்வேன். ஜம்பிங்குக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏறுவது ரேஸிலிருந்து வந்த தரோபிரெட் இனக் குதிரைதான்.

பதில் 2:
ரேஸ் குதிரை சரி, ஆனால் ரேஸ் லாயத்திலிருந்து நேராக வேண்டாம். ரெண்டு வயதிலேயே ஓடத் தொடங்கிய குதிரை, கடிவாளத்தை இழுத்தால் நிற்காது, அதன்மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடும். அதை மறக்கடித்து, ஒன்றிரண்டு வருடம் ஜம்பிங் பழக்கி, போட்டியும் பார்த்த குதிரையாக ஒரு ரைடிங் ஸ்கூலில் தேடுங்கள், விலை கூடத்தான் இருக்கும். நான் அவசரப்பட்டு வாங்கியது நாலாம் நாளே நொண்டியது. விற்ற அன்று வலிமருந்து போட்டிருக்கிறார்கள். முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாணை (டெண்டன்) ரெண்டு காலிலும் மாற்றி மாற்றித் தடவிப் பாருங்கள், ஒன்று மட்டும் சூடாகவோ தடிப்பாகவோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கெட்டித் தரையில் டிராட் (மித ஓட்டம்) ஓடவிட்டுப் பாருங்கள், தலை ஏறி இறங்கினால் வலி இருக்கிறது. பார்க்கும் கால்நடை டாக்டர் விற்பவருடைய ஆளாக இல்லாமல் நீங்கள் கூட்டிப்போனவராக இருக்கட்டும், வலிமருந்துக்கு ரத்தமும் எடுக்கச் சொல்லுங்கள்.

பதில் 3:
கிளாண்டர்ஸ் என்ற குதிரை நோய்க்கான டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள், அது மனிதருக்கும் தொற்றும். குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட்டில் உள்ள மைக்ரோசிப் எண்ணை, குதிரையின் உடம்பில் உள்ள சிப்போடு ஒத்துப் பாருங்கள். அப்புறம், ஒரு நாள் சொல்லாமல் போய்ச் சேணம் கட்டும்போது கடிக்கிறதா, உதைக்கிறதா என்று சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஆடிக்கு மாமனாரோடு சந்தையைப் பார்த்துவிட்டு மட்டும் வருகிறோம். கோச் காட்டிய ஒரு குதிரைக்கு 10 வயது, அதிகமா?

பதில் 2:
இல்லைங்க, முதல் குதிரைக்கு அதுதான் நல்ல வயது. கால் சுத்தமாக இருந்தால் இன்னும் ஐந்தாறு வருடம் தாண்டும். மகளை மூன்று தடவையாவது ஏற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.